ஒரே கெண்டை இரண்டு தடவை

அடிபட்ட கார்களைப் பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. காப்பீட்டு நிறுவனத்தில் சர்வேயர். எங்காவது ஒரு வண்டி மரத்திலோ மதிலிலோ இன்னொரு வண்டியின் முதுகிலோ போய் மோதினால், அதன் சொந்தக்காரர் திட்டித் தீர்த்து, அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு இவர் போய் நிற்பார். கையில் டேப், டார்ச், சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ். நசுங்கிய இடத்தைச் சுற்றிக் கோடு போடுவார். குனிவார், விரலால் தடவுவார், சில சமயம் விரலை முகர்ந்துகூடப் பார்ப்பார். துரு வாடை அடித்தால் கதை முடிந்தது. "இது பழசு சார்" என்பார். அப்புறம் சொந்தக்காரர் கரடியாகக் கத்தினாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி, அந்த மூன்று சொல்லில் மாற்றம் கிடையாது.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. போன வருடம் பட்ட அடியை நேற்றுப் பட்டதாகச் சொல்பவர்கள், தம்பி இடித்ததை லாரிக்காரன் தலையில் கட்டுபவர்கள், கதவில் ஒரு கீறல் விழுந்தால் அந்தச் சாக்கில் வண்டி முழுக்கப் பெயின்ட் அடித்துக்கொள்ளப் பார்ப்பவர்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த ஜனங்களோடு மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் காது கெட்டுப்போகாது? கேட்கிற காது அல்ல, நம்புகிற காது. "மனுஷன் பேசுவான், தகரம் பேசாது. அதனால தகரத்தைத்தான் நம்பணும்" என்பார். இதை ஆபீசோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். வீட்டுக்கும் கொண்டுவந்தார். பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் பேச வேண்டும். மின்சாரம் போய்விட்டது என்று மனைவி சொன்னால், சரி என்று விசிறியைத் தேடாமல் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பார்.

"நான் சொன்னா போதாதா உங்களுக்கு?" என்பாள் அவர் மனைவி.

"நீ சொன்னது சரிதான். சும்மா பாக்கறேன்" என்பார்.

இப்படிப்பட்ட ஆசாமியை வாய்விட்டுச் சிரிக்க வைக்கிற ஒரே ஆள் அவர் மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. பிஸ்கட் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் வருவான். உள்ளே நுழையும்போதே பேச்சு, நேராகச் சமையலறை, அங்கே எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்க்கும் பாத்தியதை. கையில் எப்போதும் ஒரு பை உடைந்த பிஸ்கட் இருக்கும். விற்பனைக்கு உதவாதென்று ஒதுக்கியதைத் தொழிலாளிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதை மேஜைமேல் கொட்டி, "அத்தான், இதுக்கெல்லாம் க்ளெய்ம் உண்டா?" என்று கேட்பான். தினமும் இதே ஜோக்தான். சர்வேயர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய உடைசல். நிராகரிக்கப்பட்டது" என்று வாயில் போட்டுக்கொள்வார். தினமும் இருவரும் சிரிப்பார்கள்.

மீன் பிடிக்க அழைத்துப் போனதும் அவன்தான். ரத்த அழுத்தம் எகிறிப்போய், எங்கேயாவது போய்ச் சும்மா உட்காருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சும்மா உட்காருவது சர்வேயருக்கு வராத வித்தை. பிஸ்கட் தொழிற்சாலைக்குப் பின்னால், தீப்பிடித்தால் அணைப்பதற்கென்று வெட்டிய ஒரு குளம் உண்டு. நீள்சதுரம், சுற்றிலும் கம்பிவலை வேலி, கரையில் ஒரு பம்ப் அறை. தீ ஒருநாளும் பிடிக்கவில்லை. தண்ணீர் பச்சை பிடித்துக் கிடந்தது. யார் விட்டது, எப்போது விட்டது என்று தெரியாமல் அதில் கொஞ்சம் கெண்டை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்புகளிலிருந்து வெண்ணெய் வாசனை வரும். மச்சினன் உடைந்த பிஸ்கட்டைத் தண்ணீரில் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, தூண்டில் முள்ளில் குத்தி, கோலை அவர் கையில் கொடுத்தான்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது அத்தான். அதுதான் வேலை."

முதல் கெண்டை மாட்டியபோது சர்வேயர் போட்ட கூச்சலில் வாயில்காப்பாளர் ஓடிவந்தார். அன்றிலிருந்து ரத்த அழுத்த மாத்திரையை மறந்தாலும் ஞாயிற்றுக்கிழமையை மறக்கவில்லை.

அப்புறம் அந்தக் குழு. 'சீந்தாதோர் சங்கம்' என்று போனில் ஒரு குழு. ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிற பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒரு பல் டாக்டர், ஒரு தையல்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருத்தி, இன்னும் சிலர். ராசியான, ருசியான, பேர் பெற்ற மீன் எதற்கும் அங்கே இடமில்லை. யாரும் சீந்தாத மீனுக்குத்தான் மரியாதை. சேற்று வாடை அடிக்கிற கெண்டை, வழவழப்பான கெளுத்தி, முள்ளைத் தவிர ஒன்றும் இல்லாத பரல், வலையில் வந்தால் வலைக்காரரே திட்டிக்கொண்டு தூக்கி எறிகிற சாதி. வருடத்தில் சில மாதம் போட்டி நடக்கும். ஞாயிறுதோறும் ஒரு மீன், எல்லா ஞாயிற்றின் நீளத்தையும் கூட்டினால் யாருடையது அதிகமோ அவர் ஜெயித்தவர். பரிசு என்று ஒரு காசு கிடையாது. ஜெயித்தவரின் மீன் அந்த வருடம் முழுக்கக் குழுவின் முகப்புப் படமாக இருக்கும். அவ்வளவுதான். அதற்குத்தான் அத்தனை அடிதடி.

விதிகள் சர்வேயருக்குக் கல்கண்டாக இனித்தன. அளவுப் பலகையை நனைத்துத்தான் மீனைக் கிடத்த வேண்டும். மூக்கு முன்கட்டையைத் தொட வேண்டும். ஞாயிறு காலையில் நடுவர் ஒரு பொருளின் பெயரைச் சொல்வார், சீப்பு, தேக்கரண்டி, சட்டைப் பொத்தான் என்று ஏதாவது. அது மீனுக்குப் பக்கத்தில் படத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் அன்றைக்கு எடுத்த படம் என்று தெரியும். படம் எடுத்ததும் மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும். சந்தையில் வாங்கிய மீன், தொட்டியில் வளர்த்த மீன் கூடவே கூடாது. குழுவில் சேர்ந்த சில நாளிலேயே, பல் டாக்டருடைய கெளுத்தியின் மூக்குக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி இருப்பதைச் சர்வேயர் கண்டுபிடித்துவிட்டார். "இவரை நடுவராப் போடுங்கப்பா, இல்லேன்னா நம்மள உயிரோட விடமாட்டாரு" என்று எழுதினார் பல் டாக்டர். போட்டார்கள். மச்சினன்தான் எல்லோருக்கும் முந்திக் கை தட்டினான். 'டேப்' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவனே. அவனைக் குழுவில் 'பிஸ்கட்' என்பார்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சொல்லும்போதே எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது, என்ன செய்ய.

அந்த வருடம் பிஸ்கட் முன்னணியில் இருந்தான். போட்டியின் கடைசி இரண்டு ஞாயிறும் சர்வேயருக்கு ஆபீஸ் வேலை, குளத்துக்குப் போகவில்லை. அதில் முதல் ஞாயிறு சீப்போடு ஒரு பெரிய கெண்டை அனுப்பினான். அடுத்த ஞாயிறு தேக்கரண்டியோடு இன்னொரு பெரிய கெண்டை. குழுவே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. சர்வேயர் இரண்டு படத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். வாலின் மேல்நுனியில் நகத்தால் கிள்ளினாற்போல் பிறை வடிவில் ஒரு வெட்டு. இதிலும் இருந்தது, அதிலும் இருந்தது. வயிற்றோரம் ஒரே ஒரு செதில் கறுப்பு. அதுவும் இரண்டிலும். ஒரே மீன்.

போன் போட்டார். அந்த மட்டுக்கும் சரி.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. போன வாரம் புடிச்ச மீனை என்ன பண்ணின?"

"விட்டுட்டேன் அத்தான்."

"இந்த வாரமும் அதே மீன்தானே அனுப்பியிருக்க?"

மறுமுனையில் சிரிப்பு. "நீங்களும் பாத்துட்டீங்களா? எனக்கே சிரிப்பு தாங்கல. அதேதான், திரும்ப வந்து மாட்டிச்சு. கூப்பிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"தூண்டில் குத்தின வாயோட எந்த மீனு மாப்ள மறுபடி வந்து கடிக்கும்? தொட்டியில போட்டு வச்சிருந்தியா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "நான் சொல்றேன்ல அத்தான்."

"எல்லாரும்தான் சொல்றாங்க" என்றார் சர்வேயர்.

கவனிக்க வேண்டும், சங்கத்து விதிகளில் ஒரே மீன் இரண்டு தடவை மாட்டினால் என்ன செய்வதென்று ஒரு வரி கிடையாது. அப்படி நடக்கும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. தோன்றாததெல்லாம் நடக்காதது என்று முடிவு கட்டினார் சர்வேயர். கூடவே ஒரு பெருமிதமும் சேர்ந்துகொண்டது: சொந்த மச்சினன் என்று விட்டுவிட்டால் நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்? நேர்மை என்பது அவருக்கு ஒரு போதை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆபீசில் செய்கிற மாதிரியே, வெட்டிலும் செதிலிலும் சிவப்பு வட்டம் போட்டு, அடியில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் குழுவில் போட்டார்.

போட்டதுதான் தாமதம். "தொட்டி மீனா!" என்றார் பல் டாக்டர். "தினமும் பிஸ்கட் ஊட்டி வளர்த்திருக்காரு" என்றார் தையல்காரர். "அதுக்குப் பேர் வச்சாச்சா?" என்று வேன்காரி. எல்லாம் விளையாட்டுக்குத்தான், மனசில் விஷம் வைத்துக்கொண்டு யாரும் சொல்லவில்லை. மச்சினனும் சண்டை போடவில்லை. 'நடுவர் சொன்னா சரிதான்' என்று ஒரு வரி எழுதினான். அத்தான் என்று எழுதவில்லை. அதற்குக் கீழே, 'வெளியேறினார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது.

மனைவியிடம் விஷயம் போனபோது அவள் அழவில்லை, கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"என் தம்பி பொய்யே சொல்லமாட்டான்னு நான் சொல்லல. சின்ன வயசுல நிறைய சொல்லியிருக்கான். ஆனா நல்லா சொல்லுவான், கேட்டா அப்படியே நம்பிடுவோம். பொய் சொல்றதுன்னா வேற மீனுன்னு சொல்லியிருப்பான். அதே மீனுதான்னு இவ்வளவு மட்டமாவா சொல்லுவான்?"

சர்வேயருக்கு இது உறைத்தது. உறைத்தும், பிடித்த பிடியிலேயே நின்றார்.

மச்சினன் வருவதை நிறுத்தவில்லை, அதுதான் கொடுமை. நிறுத்தியிருந்தால் போய்ச் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்ல நாள், பெரிய நாள் என்றால் வந்தான். வாசலிலேயே செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தான். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தால் குடித்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான். சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கையில் பிஸ்கட் கொண்டுவந்தான், ஆனால் கடையில் வாங்கிய, ஒட்டுப் பிரிக்காத பாக்கெட். விருந்தாளிகள் வாங்கிவருகிற மாதிரி. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "வரேன் அத்தான்" என்று கிளம்பிவிடுவான். அந்தப் பாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் சர்வேயருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருக்கும். யாரும் பிரிக்காமலே சில பாக்கெட்டுகள் நமத்துப்போயின.

அடுத்த வருடப் போட்டி சப்பென்று போயிற்று. பல் டாக்டர் அளந்தார், தையல்காரர் அளந்தார், நடுவர் சரி என்றார். சிரிப்புக் காட்டுகிறவன் இல்லாத இடத்தில் விதிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. சர்வேயர் தொழிற்சாலைக் குளத்துக்குப் போவதை விட்டுவிட்டு, பட்டறைத் தெருவுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் தனியாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம். பார்வை மங்கிவிட்டதால், முள்ளை நைலான் நரம்பில் கட்டிய முடிச்சின் மேல் சிவப்புத் தையல் நூலை நாலு சுற்றுச் சுற்றி வைப்பார், கண்ணுக்குத் தெரியட்டும் என்று. ஒரு ஞாயிறு ஒரு தடிக் கெளுத்தி நரம்பை அறுத்துக்கொண்டு முள்ளோடு போய்விட்டது. அடுத்த ஞாயிறு அதே இடத்தில் ஒரு கெளுத்தியை இழுத்துப் போட்டார். வாயின் ஒரு ஓரத்தில் அன்றைக்குப் போட்ட புது முள். மறு ஓரத்தில், துருப்பிடிக்கத் தொடங்கிய இன்னொரு முள். அதன் கழுத்தில் சிவப்பு நூல்.

கெளுத்தி கையில் துள்ளியது. தூண்டில் குத்தின வாயோடு எந்த மீன் மறுபடி வந்து கடிக்கும் என்று கேட்டாரே, இந்த மீன் கடித்திருக்கிறது. குத்தினது மட்டுமல்ல, முள்ளையே வாயில் சுமந்துகொண்டு வந்து கடித்திருக்கிறது. இரண்டு முள்ளையும் பக்குவமாகக் கழற்றி மீனை விட்டுவிட்டு, கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். 'நான் சொல்றேன்ல அத்தான்' என்ற குரல் காதில் கேட்டது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தும் அட்சரம் பிசகாமல் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"அப்ப இப்பவே கிளம்புங்க" என்றாள்.

"போய் என்னன்னு சொல்றது?"

"தப்பு பண்ணிட்டேன்டான்னு சொல்லுங்க. அதுக்கு என்ன, மேடையா போடணும்?"

"வெறுங்கையோட போய் நின்னா நல்லாயிருக்குமா? வாய்க்கால் கெளுத்தி வேற, அந்தக் கெண்டை வேற. அந்த மீனைப் புடிக்கறேன். அதே வால் வெட்டோட புடிச்சுக் காட்டறேன். அப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது."

"இப்ப யாரு பேசறா?" என்றாள் மனைவி. அவர் காதில் அது விழவில்லை. அவர் தொழிலில், நிராகரித்த க்ளெய்மை மறுபடி திறக்க வேண்டுமானால் புது ஆதாரம் வேண்டும். வெறும் வாய்ச்சொல்லுக்குக் கோப்பு திறந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆக, மறுபடி பிஸ்கட் தொழிற்சாலைக் குளம். வாயில்காப்பாளருக்கு இவரை நினைவிருந்தது.

"உங்க மச்சான் இந்தப் பக்கமே வர்றதில்லைங்க சார். ஷிப்ட் முடிஞ்சா நேரா வீட்டுக்குப் போயிடறாரு. கோலைக்கூட யாருக்கோ குடுத்துட்டாரு."

சர்வேயர் அங்கிருந்தே திரும்பி மச்சினன் வீட்டுக்குப் போயிருக்கலாம். அரை மணி நேரம்கூட ஆகாத தூரம். மனுஷன் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்க் குளக்கரையில் உட்கார்ந்தார்.

ஞாயிறுகள் போயின. மச்சினன் கற்றுக்கொடுத்தபடியே பிஸ்கட்டைப் பிசைந்தார், சுண்டைக்காய் அளவுக்கு உருட்டினார். சின்னக் கெண்டைகள் வந்தன, வாலைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்தபோது பழசெல்லாம் வந்து போனது. இரண்டு பேரும் ஒரே குடையில் வெயிலுக்கு ஒதுங்கியது. இவர் வழுக்கித் தண்ணீரில் விழப்போனபோது மச்சினன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தது, அந்தப் பெல்ட் அறுந்து வீடுவரை கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போனது. தனியாகவே சிரித்தார். சிரித்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். பார்க்க யாரும் இல்லை.

அது மாட்டியது வெயில் உச்சிக்கு ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோல் வளைந்த வளைவிலேயே தெரிந்துவிட்டது. கரைக்கு வந்தபோது முதலில் வாலைத்தான் பார்த்தார். பிறை வெட்டு. வயிற்றோரம் கறுப்புச் செதில். "நீதான், நீயேதான்" என்று சத்தமாகச் சொன்னார். பழக்க தோஷம், நனைத்த பலகையில் கிடத்தி அளந்தார். வளர்ந்திருந்தது. போனை எடுத்தார், படம் எடுக்கப் போனார், கை பாதியில் நின்றது. படமா? படம் என்றால் ஆயிரம் சொல்லலாம். பழைய படம் என்று சொல்லலாம். கண்ணால் பார்த்தால்தானே நம்பிக்கை?

வண்டியின் டிக்கியில், அழுக்கு மேலங்கியும் கையுறையும் போட்டு வைக்கிற ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அதைக் காலி செய்து, குளத்துத் தண்ணீரை நிரப்பி, மீனை உள்ளே விட்டு, ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். ஒரு ஓரம் தூக்கிப் பிடிக்க வாயில்காப்பாளர் வந்தார்.

"வீட்டுக்கா சார்? இது சாப்பிட நல்லாயிருக்காதே."

"சாப்பிட இல்லப்பா. சாட்சிக்கு."

தொட்டி மீன் என்று ஒருத்தனைத் துரத்தியவர், மீனைத் தொட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறோமே என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. மகிழ்ச்சி கண்ணை மறைத்திருந்தது. போகிற வழியெல்லாம் ஒத்திகை: தொட்டியை வைப்பார், சாக்கை விலக்குவார், மச்சினன் வாலைப் பார்ப்பான், பழையபடி சிரிப்பான், "இதுக்கு க்ளெய்ம் உண்டா அத்தான்?" என்பான். வழியில் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்தன. ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால் தண்ணீர் தளும்பிக் கொட்டுகிற சத்தம் கேட்டது. வெயில் டிக்கித் தகரத்தின்மேல் காய்ந்தது. தகரம் எவ்வளவு சுடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு நினைக்கவில்லை.

மச்சினன் வீடு மாடியில். தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார், மூச்சு வாங்கியது, சட்டை நனைந்தது. மணியை முழங்கையால் அமுக்கினார்.

கதவு திறந்தது. "வாங்க அத்தான்" என்றான் மச்சினன், எப்போதும்போல மரியாதையாக. "என்ன இது?"

சர்வேயர் தொட்டியை இறக்கிச் சாக்கை விலக்கினார். பாதித் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. கெண்டை ஒருக்களித்துக் கிடந்தது. வாய் மட்டும் மெல்லத் திறந்து மூடியது.

மச்சினன் வாலைப் பார்க்கவில்லை. ஒரு நொடிகூட நிற்காமல் தொட்டியை அப்படியே வாரிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். பெரிய வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் மீனை இறக்கி, வயிற்றுக்கடியில் ஒரு கை, வால் பக்கம் ஒரு கை கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, செவுளுக்குள் தண்ணீர் போகும்படி முன்னும் பின்னுமாக அசைத்தான். தரையில் முழங்கால் போட்டிருந்தான். சர்வேயர் குளியலறை வாசலில் வந்து நின்றார்.

"வாலைப் பாரு மாப்ள. அதே வெட்டு. செதிலும் அதேதான். நீ சொன்னது நிஜம்."

"எனக்குத்தான் தெரியுமே அத்தான்" என்றான், தலையைத் தூக்காமல்.

"போன தடவையைவிட வளந்திருக்கு."

அவன் கை ஒரே சீராக அசைந்துகொண்டிருந்தது.

"அந்தச் சண்டைக்கப்புறமும் ஒரு தடவை மாட்டிச்சு" என்றான். "மூணாவது தடவை. யாருக்கு அனுப்பறது? விட்டுட்டு வந்துட்டேன். அன்னிக்குத்தான் கோலைத் தூக்கிக் குடுத்தேன்." அப்புறம், "ஏன் அத்தான் இதைப் போய்த் தூக்கிட்டு வந்தீங்க, இந்த வெயில்ல? ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே?"

"போட்டோவை நீ நம்பலேன்னா?" என்றார் சர்வேயர்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. மச்சினன் அப்போதுதான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"நீங்க போன்ல சொல்லியிருந்தாலே நம்பியிருப்பேன் அத்தான்" என்றான்.

அந்த நேரத்தில் 'தப்பு பண்ணிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். சர்வேயர் வாயைத் திறந்தார். திறந்தவர் வாளியைப் பார்த்தார். வாளிக்குள் மீனின் வாய் அசைவது நின்றிருந்தது. மச்சினன் அப்புறமும் கொஞ்ச நேரம் முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டிருந்தான். கையை மெல்ல எடுத்தான். மீன் வயிறு மேலாகத் திரும்பியது.

"போயிடுச்சு" என்றான்.

கீழே இறங்கி, பின்கட்டில் மாமரத்தடியில் இருவருமாகப் புதைத்தார்கள். மச்சினன் கையைக் கழுவிக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தான். கூடத்து நாற்காலியில் சர்வேயர் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து குடித்தார். அக்கா எப்படி இருக்காங்க என்று அவன் கேட்டான், இருக்கா என்று இவர் சொன்னார். கிளம்பும்போது காலித் தொட்டியைத் துடைத்துக் கையில் கொடுத்து, படிவரைக்கும் வந்து, "பாத்துப் போங்க அத்தான்" என்றான்.

வண்டியில் உட்கார்ந்து போனை எடுத்துச் சங்கத்தில் எழுதினார்: பிஸ்கட் சொன்னது உண்மை, அதே மீன் திரும்ப வந்தது, நடுவர் செய்தது தப்பு, போன வருடம் ஜெயித்தது அவர்தான். முகப்புப் படத்தையும் மாற்றினார், சீப்போடு இருந்த அந்தக் கெண்டைப் படத்தை வைத்தார். பல் டாக்டர் உடனே கை தட்டினார், தையல்காரர் தட்டினார், வேன்காரி பூ அனுப்பினாள். 'தப்பு' என்று எழுத அவருக்குக் கூச்சமே இருக்கவில்லை. முகம் தெரியாத அத்தனை பேரிடமும் சொல்லியாயிற்று. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவன் மட்டும் அந்தக் குழுவில் இல்லை.

வீட்டு வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நனைந்த சட்டையையும் காலித் தொட்டியையும் பார்த்தாள்.

"தம்பிகிட்டச் சொன்னீங்களா?"

"மீனைக் காட்டினேன்."

"அதைக் கேக்கல. சொன்னீங்களா?"

சர்வேயர் தொட்டியைக் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது, மச்சினன் துடைத்திருந்தான். திரும்பத் திரும்பத் தண்ணீர் பிடித்து ஊற்றினார். அவள் பின்னாலேயே வந்து கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை.